ஒப்பந்தம் சொல்லாமல் விட்டது: ஏபிஐ நிரலை இயந்திரம் எழுதும்போது

1984 பிப்ரவரியில் ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் தாங்கள் கட்டிய அமைப்பை அதில் விளக்கினார்கள். ஒரு கணினியில் ஓடும் நிரல், நெட்வொர்க்கின் மறுமுனையில் இருக்கும் ஃபங்ஷனைத் தன்னிடமே இருப்பதுபோல் கூப்பிட வேண்டும் என்பதே நோக்கம். அப்படிக் கூப்பிட இரண்டு முனையிலும் சில்லறை வேலை நிறைய இருக்கிறது. தரவைப் பொதிந்து அனுப்ப வேண்டும், மறுமுனையில் பிரித்து உரிய ஃபங்ஷனிடம் சேர்க்க வேண்டும், விடையை அதே வழியில் திருப்ப வேண்டும். இதையெல்லாம் நிரலாளர் கையால் எழுதத் தேவையில்லாதபடி செய்தார்கள். அவர் இடைமுகத்தை மட்டும் அறிவிப்பார். லூபின் என்ற ஜெனரேட்டர் அதைப் படித்து, இரு முனைக்கும் வேண்டிய ‘ஸ்டப்’ நிரலை எழுதித் தந்துவிடும்.

நாற்பது ஆண்டுகள் கடந்தும் வேலையின் வடிவம் மாறவில்லை. இன்று ஒரு குழு ஓபன்ஏபிஐ முறைப்படி ஒரு யாமல் கோப்பை எழுதுகிறது. எந்த முகவரிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன தரவு போகும், என்ன வரும், பிழை நேர்ந்தால் எந்த எண்ணில் பதில் வரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் கோப்புதான் இரு முனைக்கும் இடையிலான ஒப்பந்தம். ஒரு கட்டளை அடித்தால் ஜாவாவில் கிளையன்ட், டைப்ஸ்கிரிப்டில் இன்னொரு கிளையன்ட், கோ மொழியில் சர்வருக்கான சட்டகம் எல்லாம் சில நொடிகளில் தயார்.

இந்த வசதியைப் பெரும்பாலும் நேர மிச்சம் என்றே பேசுகிறோம். அது உண்மைதான், ஆனால் அதில் முக்கியமான ஒன்று விடுபடுகிறது. ஒப்பந்தத்தில் எழுதியதை ஜெனரேட்டர் நிரலாக்குகிறது. எழுதாமல் விட்ட இடத்திலும் அது ஏதோ ஒரு முடிவை எடுத்தே ஆக வேண்டும். வெற்றிடத்தைக் கம்பைல் செய்ய முடியாது. அந்த முடிவுகள் குழுவில் எவருடைய கண்ணிலும் படாமல் உற்பத்திச் சூழலுக்குப் போய்விடுகின்றன. ஆகவே ஜெனரேட்டரைப் பயன்படுத்தும் குழுவின் முதன்மையான வேலை, ஒப்பந்தம் எங்கே பேசாமல் இருக்கிறது என்று தேடுவதுதான். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

லூபினிலிருந்து ஓபன்ஏபிஐ வரை

லூபினின் வழியில் பல கருவிகள் வந்தன. 1980களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஆர்பிசிஜென், இடைமுக அறிவிப்பைப் படித்து சி மொழியில் ஸ்டப்களைத் தந்தது. 1991இல் வெளியான கோர்பா, மொழிகளைக் கடந்த இடைமுக விவரிப்புக்கென்றே ஒரு தனி மொழியை வைத்தது. கூகுள் தன் உள்பயன்பாட்டில் வைத்திருந்த புரோட்டோகால் பஃபர்ஸை 2008இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதன்மீது அமைந்த ஜிஆர்பிசி 2015இல் வந்தது.

இவற்றுக்கு நடுவே வந்த டபிள்யூஎஸ்டிஎல்லின் கதை கூர்ந்து பார்க்கத் தக்கது. அரிபா, ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய அதன் 1.1 பதிப்பு 2001 மார்ச்சில் டபிள்யூ3சி குறிப்பாக வெளிவந்தது. வலைச் சேவையை எக்ஸ்எம்எல்லில் விவரித்துவிட்டால் எந்த மொழியிலும் கிளையன்ட் தானாக உருவாகும் என்பது அதன் வாக்குறுதி. நடைமுறையில், ஒரே செய்தியை விவரிக்க அதில் பல வழிகள் இருந்தன. நிரலாளர்களும் ஒப்பந்தத்தைக் கையால் எழுதவில்லை. தங்கள் நிரலிலிருந்தே கருவியை வைத்து அதைப் பிறப்பித்தார்கள். ஒரு நிறுவனத்தின் கருவி பிறப்பித்த ஒப்பந்தத்தை இன்னொரு நிறுவனத்தின் கருவி வேறு விதமாகப் புரிந்துகொண்டது. இந்தப் பிணக்கைத் தீர்க்கவே 2002இல் டபிள்யூஎஸ்-ஐ என்று ஓர் அமைப்பு உருவானது. 2004இல் அது வெளியிட்ட அடிப்படை விதித்தொகுப்பு செய்த வேலை என்னவென்றால், அனுமதிக்கப்பட்ட வழிகளில் பலவற்றை விலக்கியதுதான். பல பொருள் கொள்ள இடம் தரும் ஒப்பந்தத்தை எத்தனை நல்ல ஜெனரேட்டராலும் காப்பாற்ற முடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அந்தச் சுமையில் களைத்தவர்கள், ராய் ஃபீல்டிங் 2000இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் வரையறுத்த ரெஸ்ட் பாணியின் பக்கம் திரும்பினார்கள். எச்டிடிபியும் ஜேசானும் போதும், தனி ஒப்பந்தக் கோப்பு வேண்டாம் என்ற மனநிலை பரவியது. விளைவு, ஒவ்வொரு ஏபிஐக்கும் ஆவணத்தைப் படித்துப் படித்துக் கிளையன்டைக் கையால் எழுத வேண்டியதாயிற்று. வேர்ட்நிக் என்ற இணைய அகராதி நிறுவனத்தில் டோனி டாம் 2010 வாக்கில் தொடங்கிய ஸ்வாகர் இந்தக் குறையைத்தான் தீர்த்தது. 2015இல் அது ஸ்மார்ட்பேர் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதே ஆண்டு நவம்பரில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஓபன்ஏபிஐ முன்னெடுப்பு தொடங்கியது. 3.0 பதிப்பு 2017இலும் 3.1 பதிப்பு 2021இலும் வந்தன. ஸ்வாகரின் ஜெனரேட்டரிலிருந்து அதன் பங்களிப்பாளர்கள் பலர் 2018இல் கிளை பிரித்து நடத்திவரும் ஓபன்ஏபிஐ ஜெனரேட்டர், இன்று பல டஜன் மொழிகளுக்கும் சட்டகங்களுக்கும் நிரல் எழுதுகிறது. குபர்னெட்டிஸின் பைத்தான், ஜாவா கிளையன்டுகள் இதே வழியில் பிறப்பவை. கிட்ஹப் 2020இல் தன் ரெஸ்ட் ஏபிஐ முழுவதற்கும் ஓபன்ஏபிஐ விவரணையை வெளியிட்டது.

கம்பைலரிடம் சிக்கும் பிழை

பேருந்து முன்பதிவு ஏபிஐ ஒன்றை எடுத்துக்கொள்வோம். பயணச்சீட்டு என்ற தரவில் ‘இருக்கை’ என்றிருந்த புலத்தை சர்வர் குழு ‘இருக்கை எண்’ என்று மாற்றுகிறது. கையால் எழுதிய கிளையன்டில் இந்த மாற்றம் சத்தமே இல்லாமல் நுழையும். ஜேசானில் ‘இருக்கை’ இல்லை, ஆகவே மதிப்பு காலி. பயணியின் திரையில் இருக்கை எண் வர வேண்டிய இடம் வெறுமையாக நிற்கும். புகார் வந்த பிறகுதான் எவராவது தேடுவார்கள்.

இரு முனையும் ஒரே ஒப்பந்தத்திலிருந்து பிறந்திருந்தால் கதை வேறு. கிளையன்டை மறுபடி உருவாக்கியதும் பழைய புலம் டைப்பிலிருந்து மறைந்துவிடும். அதைப் பயன்படுத்திய ஒவ்வொரு வரியிலும் கம்பைலர் பிழை காட்டும். சர்வர் பக்கத்திலும் இதுவே நடக்கும். கோ மொழியில் ஓஏபிஐ-கோட்ஜென் போன்ற கருவி, ஒப்பந்தத்தில் உள்ள ஒவ்வொரு செயலையும் ஓர் இடைமுகத்தின் மெத்தடாக மாற்றித் தருகிறது. ‘முன்பதிவை ரத்து செய்’ என்று ஒப்பந்தத்தில் புதிதாகச் சேர்த்தால் இடைமுகத்தில் ஒரு மெத்தட் கூடும். அதை எழுதி முடிக்கும்வரை சர்வர் கம்பைல் ஆகாது. ஆவணத்தில் இருப்பதும் சர்வர் செய்வதும் இரண்டு வழியில் போவது ஏபிஐ உலகின் பழைய நோய். அதற்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை.

இந்தப் பயன் கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. ஜெனரேட்டர் எழுதிய கோப்பில் மனிதர் கை வைக்கக் கூடாது. கோ மொழியில் அத்தகைய கோப்பின் தலையிலேயே ‘இது இயந்திரம் எழுதியது, திருத்தாதீர்கள்’ என்ற பொருளில் ஒரு வரி போடுவது மரபாகிவிட்டது. அவசரத்தில் ஒருவர் அதில் ஒரு திருத்தம் போடுகிறார் என்று வையுங்கள். மறுபடி உருவாக்கினால் திருத்தம் அழிந்துவிடும். அந்தப் பயத்தில் யாரும் மறுபடி உருவாக்க மாட்டார்கள். சில மாதங்களில் ஒப்பந்தம் ஒரு பக்கம், நிரல் ஒரு பக்கம் என்றாகிவிடும். ஒவ்வொரு முறையும் பில்டின்போது நிரலை மறுபடி உருவாக்கி, சேமித்து வைத்திருப்பதோடு ஒப்பிட்டு, ஒரு வரி வேறுபட்டாலும் பில்டை நிறுத்துவதுதான் இதற்குக் காவல்.

எண், வெறுமை, நிலை

இனி மௌனங்களுக்கு வருவோம். ஒப்பந்தத்தில் ‘தொகை: முழு எண்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. பணத்தைப் பைசாவில் கணக்கிடுவது நல்ல வழக்கம், அப்படியே செய்கிறார்கள். முழு எண் எத்தனை பிட் என்று எவரும் குறிப்பிடவில்லை. ஓபன்ஏபிஐ ஜெனரேட்டர் ஜாவாவில் இதை 32 பிட் எண்ணாக எடுத்துக்கொள்கிறது. கோ மொழியில் ஓஏபிஐ-கோட்ஜென் தரும் நிரலில் அதே வரி, இன்றைய சர்வர்களில் 64 பிட்டாகிவிடுகிறது. 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. பைசாவில் அது 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 பைசா. அதைத் தாண்டிய முதல் பரிவர்த்தனை வரும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். சோதனையில் யாரும் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். வந்த அன்று கோ சர்வர் தயங்காமல் அனுப்பும்; ஜாவா கிளையன்ட் அதைப் படிக்க முடியாமல் விழும்.

64 பிட் என்று எழுதிவிட்டால் தீர்ந்ததா என்றால், இல்லை. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை 9007199254740991 வரையிலான முழு எண்களை மட்டுமே பிழையின்றித் தாங்கும். 9007199254740993 என்ற அடையாள எண்ணை சர்வர் அனுப்பினால், உலாவியில் அது 9007199254740992 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கேட்டது ஒருவருடைய பதிவு, திறப்பது இன்னொருவருடையதாக இருக்கலாம். 2010இல் ட்விட்டர் பெரிய அடையாள எண்களுக்கு மாறியபோது, எண்ணோடு கூடவே அதைச் சரமாகவும் அனுப்பத் தொடங்கியது இதனால்தான். புரோட்டோகால் பஃபர்ஸும் ஜேசானாக மாறும்போது 64 பிட் எண்களைச் சரமாகவே எழுதுகிறது. அங்கே முடிவை எடுத்தவர்கள் மனிதர்கள், அதைப் பகிரங்கமாக எழுதியும் வைத்தார்கள்.

அடுத்தது வெறுமை. ஒரு வாடிக்கையாளரின் விவரத்தில் சில புலங்களை மட்டும் திருத்தி அனுப்பும் பேட்ச் கோரிக்கையைப் பாருங்கள். 2014இல் வெளியான ஆர்எஃப்சி 7396இன்படி, ஒரு புலம் கோரிக்கையில் இல்லவே இல்லை என்றால் அதைத் தொடாதே என்று பொருள். ‘நல்’ என்ற மதிப்போடு வந்தால் அழித்துவிடு என்று பொருள். இரண்டுக்கும் பொருள் நேரெதிர். ஆனால் உருவாகும் கிளையன்டில் பல மொழிகளில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். கோ மொழியில் காலியான பாயின்டர், காலியாக இருந்தால் அனுப்பாதே என்ற குறிப்பு. விளைவாக, தன் தொலைபேசி எண்ணை நீக்கச் சொல்லும் வாடிக்கையாளரின் கோரிக்கையை அந்தக் கிளையன்டால் அனுப்பவே முடியாது. பொத்தானை அழுத்துவார், ‘வெற்றி’ என்று பதில் வரும், எண் அப்படியே இருக்கும். புரோட்டோகால் பஃபர்ஸின் மூன்றாம் பதிப்பு தொடக்கத்தில் எளிய புலங்களுக்கு இந்த வேறுபாட்டையே நீக்கிவிட்டுப் பின்னர் திரும்பக் கொண்டுவந்தது. இது எவ்வளவு நுட்பமான இடம் என்பதற்கு அதுவே சான்று.

மூன்றாவது, நிலைகளின் பட்டியல். ஆர்டரின் நிலை ‘பெறப்பட்டது’, ‘அனுப்பப்பட்டது’, ‘சேர்ந்தது’ என்ற மூன்றில் ஒன்று என ஒப்பந்தம் சொல்கிறது. ஓராண்டு கழித்து ‘திருப்பப்பட்டது’ என்று நான்காவதைச் சேர்க்கிறார்கள். கூடுதலாகத்தானே சேர்த்தோம், யாருக்கும் தொந்தரவில்லை என்று சர்வர் குழு நினைக்கும். ஏற்கெனவே வாடிக்கையாளர் கைப்பேசியில் இருக்கும் கிளையன்டோ மூன்று பெயர்களை மட்டுமே அறிந்த மூடிய பட்டியலோடு பிறந்தது. நான்காவது பெயரைக் கண்டதும் அந்த ஆர்டரை மட்டுமல்ல, அது இருக்கும் முழுப் பட்டியலையும் படிக்க மறுத்துவிடக்கூடும். பட்டியல் திறந்ததா மூடியதா என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அறியாத பெயர் வந்தால் என்ன செய்வது என்பதற்குச் சில ஜெனரேட்டர்களில் தனி அமைப்பு உண்டு. கேட்டால்தான் தரும்.

பதில் வராத அழைப்பு

தரவின் வடிவத்தை விடக் கடினமானது தோல்வியின் வடிவம். பிரெலும் நெல்சனும் இதை 1984லேயே நேர்மையாக எழுதினார்கள். அழைப்புக்கு விடை வந்தால், மறுமுனையில் வேலை சரியாக ஒரு முறை நடந்திருக்கிறது என்று பொருள். விடை வராமல் பிழை வந்தால், வேலை ஒரு முறை நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். எது என்று அழைத்தவருக்குத் தெரியாது. பத்தாண்டு கழித்து, 1994இல், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆய்வகத்தில் ஜிம் வால்டோவும் மூன்று சகாக்களும் இன்னும் கறாராக வாதிட்டார்கள். காலதாமதம், நினைவக அணுக்கம், பகுதித் தோல்வி, ஒருங்கே நிகழ்தல் ஆகியவற்றால் தொலை அழைப்பும் உள் அழைப்பும் இயல்பிலேயே வேறானவை. இரண்டையும் ஒன்றுபோலக் காட்டும் முயற்சி தோற்கும் என்றார்கள்.

உருவான கிளையன்ட் நம்மை ஏமாற்றுவது இங்கேதான். ‘பணம் அனுப்பு’ என்ற ஃபங்ஷன் பார்வைக்குச் சாதாரண ஃபங்ஷன். ஒரே வரியில் கூப்பிட்டுவிடலாம். அந்த வரிக்குப் பின்னால் ஒரு நெட்வொர்க் இருக்கிறது என்பதை அதன் பெயரும் சொல்லாது, டைப்பும் சொல்லாது. நேரம் கடந்து பிழை வந்ததும் நிரலாளர் மறுபடி கூப்பிடுகிறார். முதல் அழைப்பு வெற்றி பெற்று விடை மட்டும் வழியில் தொலைந்திருந்தால், பணம் இரண்டு முறை போய்விடும்.

இதற்குத் தீர்வு தெரியும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கிளையன்ட் ஒரு தனித்த சாவியை உண்டாக்கி அனுப்ப வேண்டும். அதே சாவியோடு இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிதாக எதையும் செய்யாமல் பழைய விடையையே தரும். ஸ்ட்ரைப் நிறுவனத்தின் ஏபிஐ இப்படித்தான் இயங்குகிறது. இங்கே ஜெனரேட்டரை நம் பக்கம் இழுக்க வழி உண்டு. அந்தச் சாவியைத் தாங்கும் எச்டிடிபி ஹெடரைக் கட்டாயம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், உருவாகும் ஃபங்ஷன் அதை ஒரு பாராமீட்டராகக் கேட்கும். பல மொழிகளில் அதைத் தராமல் கம்பைலே ஆகாது. மறுமுயற்சியில் அதே சாவியைத்தான் தர வேண்டும் என்பதை மட்டும் டைப்பால் கட்டாயப்படுத்த முடியாது. அந்த ஒரு விஷயத்துக்காக, உருவான கிளையன்டின் மேல் மெல்லிய உறை ஒன்றைக் கையால் எழுதி, காலக்கெடுவையும் மறுமுயற்சியையும் அங்கே வைப்பதே முறை.

வரிசையும் அந்நியர் கோப்பும்

செய்திகள் வரும் வரிசையும் இப்படி விடுபடும் ஒன்றுதான். இந்தியாவின் டிஜிட்டல் வணிகத் திறந்த வலையமைப்பான ஓஎன்டிசி 2021இல் நிறுவப்பட்டது. 2022இல் முதல் சோதனை நடந்த ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. அதன் அடித்தளமான பெக்ன் நெறிமுறையின் விவரணை ஓபன்ஏபிஐ வடிவில் பொதுவில் கிடைக்கிறது. அங்கே ஒவ்வொரு பங்கேற்பாளரும் கிளையன்டாகவும் சர்வராகவும் இருந்தாக வேண்டும். வாங்குபவர் பக்கச் செயலி தேடலை அனுப்பும்போது உடனே வருவது ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற ஒப்புதல் மட்டுமே. பொருட்களின் பட்டியல் பிறகு வேறோர் அழைப்பாக எதிர்த்திசையில் வந்து சேரும். எந்தத் தேடலுக்கு எந்தப் பதில் என்பதைச் செய்தியின் உள்ளே இருக்கும் அடையாளங்களை வைத்துப் பொருத்த வேண்டும்.

பல நிறுவனங்கள் ஒருவரையொருவர் அறியாமல் இணையும் இத்தகைய இடத்தில் பொது ஒப்பந்தமும் அதிலிருந்து பிறக்கும் நிரலும் பெரும் வரம். ஆனால் ஜெனரேட்டர் தருவது ஒவ்வொரு செய்தியின் வடிவத்தை. எது முன், எது பின், பதில் வராவிட்டால் எத்தனை நேரம் காத்திருப்பது என்ற உரையாடலின் வரிசை அதற்குத் தெரியாது. அது மனிதர் எழுத வேண்டிய நிரல். அதைச் சோதிக்கவும் தனியாகத் திட்டமிட வேண்டும்.

ஒப்பந்தக் கோப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் கவலைக்குரியது. 2016இல் ராபிட்7 பாதுகாப்பு நிறுவனம் ஸ்வாகர் ஜெனரேட்டரில் ஒரு பலவீனத்தை வெளியிட்டது. அதன் பதிவு எண் சிவிஇ-2016-5641. ஒப்பந்தத்தில் இருக்கும் சரங்களைக் கருவி சரியாகச் சுத்தம் செய்யாமல் நிரலுக்குள் பதித்தது. தீய நோக்கமுள்ள ஒருவர் தன் நிரலை அந்தச் சரத்துக்குள் ஒளித்து வைத்தால், கிளையன்டை உருவாக்குபவரின் நிரலுக்குள் அது நேராகப் போய் உட்காரும். அந்நியர் தந்த ஒப்பந்தத்தையும் அந்நியர் தந்த நிரலைப் போலவே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

ஏஐ காலத்தில்

பெரிய மொழி மாதிரியிடம் கேட்டாலே கிளையன்டை எழுதித் தந்துவிடுமே, பழைய ஜெனரேட்டர் எதற்கு என்ற கேள்வி இப்போது எழுகிறது. இரண்டும் ஒன்றல்ல. ஒரே ஒப்பந்தம், ஒரே பதிப்பு என்றால் ஜெனரேட்டர் என்றும் ஒரே நிரலைத் தரும். ஒப்பந்தத்தில் ஒரு வரி மாறினால் நிரலில் எது மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். மொழி மாதிரி அந்த உறுதியைத் தருவதில்லை. இன்று ஒரு விதமாகவும் நாளை வேறு விதமாகவும் எழுதலாம். ஒப்பந்தம் பேசாத இடத்தில் அதுவும் ஊகிக்கிறது, அந்த ஊகம் ஒவ்வொரு முறையும் மாறக்கூடும்.

ஆனால் மொழி மாதிரிக்கு இங்கே நல்ல வேலைகள் இருக்கின்றன. ஒப்பந்தத்தின் முதல் வரைவை எழுதலாம், விடுபட்ட பிழை நிலைகளைப் பட்டியலிடலாம், இடைமுகத்துக்குப் பின்னால் வரும் வணிகத் தர்க்கத்தை எழுத உதவலாம். அது எழுதிய தர்க்கம் ஒப்பந்தத்தோடு பொருந்துகிறதா என்பதை, ஜெனரேட்டர் தந்த டைப்களைக் கொண்டு கம்பைலர் சரிபார்க்கும். ஏஐ எழுதும் நிரல் பெருகப் பெருக, எல்லைக்கோட்டில் மாறாத ஒன்று நிற்பதன் தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

எங்கே நேரம் செலவிடுவது

எல்லா இடத்திலும் ஜெனரேட்டர் வேண்டும் என்பதில்லை. நூற்றுக்கணக்கான செயல்கள் கொண்ட ஒரு பெரிய ஏபிஐயில் இரண்டை மட்டும் பயன்படுத்தும் சிறிய நிரலுக்கு, முழுக் கிளையன்டையும் உருவாக்கி இழுத்துக்கொண்டு திரிவது வீண் சுமை. அங்கே முப்பது நாற்பது வரி கையால் எழுதுவதே தெளிவு. ஒரே ஏபிஐயைப் பல குழுக்கள் பல மொழிகளில் பயன்படுத்தும்போதும், இரு முனையும் நம் கையில் இருக்கும்போதும் ஜெனரேட்டரின் பயன் மறுக்க முடியாதது.

அங்கே மிச்சமாகும் நேரத்தை ஒப்பந்தத்துக்கே திருப்பித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்று பல குழுக்களில் நிரலுக்குக் கடுமையான மறுபார்வை நடக்கிறது. யாமல் கோப்பில் வரும் மாற்றமோ ஒரு பார்வையில் ஒப்புதல் பெற்றுவிடுகிறது. இது தலைகீழாக வேண்டும். ஒப்பந்தத்தை மறுபார்வை செய்பவர் ஒவ்வொரு எண்ணுக்கும் எல்லை எது என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு புலமும் இல்லாமல் போகலாமா, வெறுமையாக வரலாமா என்று கேட்க வேண்டும். பட்டியல் பின்னர் வளருமா, இந்தச் செயலை இரண்டு முறை கூப்பிட்டால் என்ன ஆகும், எத்தனை நொடி காத்திருக்கலாம் என்று கேட்க வேண்டும். பழைய கிளையன்டை முறிக்கும் மாற்றம் எது என்பதைக் கண்டுபிடிக்க இரு பதிப்புகளை ஒப்பிடும் கருவிகளும் இருக்கின்றன. அவற்றை பில்டோடு சேர்த்துவிடலாம்.

இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதப்படாவிட்டால், கேள்விகள் மறைந்துவிடாது. ஜெனரேட்டரின் டெம்ப்ளேட்டை எழுதிய ஒருவர், நம் வணிகத்தையோ வாடிக்கையாளரையோ அறியாதவர், என்றோ எடுத்த ஒரு பொது முடிவு நம் சார்பில் விடையாகிவிடும். அவர் மேல் குற்றமில்லை, அவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டியிருந்தது. பணமும் பயணமும் மருத்துவப் பதிவும் ஏபிஐ வழியே நகரும் காலத்தில், அந்த விடைகளை அறிந்து எழுதுவது அந்த ஏபிஐயை வெளியிடும் குழுவின் கடமை.